தினசரி காலண்டரிலேயே அதிக மாதத்தைக் கண்டுபிடிக்கலாம்

2023 ஆடியில் இரண்டு அமாவாசைகள் வந்தன: ஜூலை 17, ஆகஸ்ட் 16. கேரளத்தில் ஜூலை 17தான் கர்க்கடக வாவு, அதாவது முன்னோருக்குப் பலி போடும் ஆடி அமாவாசை. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இரண்டாவதையே ஆடி அமாவாசையாகக் கொண்டார்கள். இரு பக்கப் பழக்கமும் கலந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், எந்த வாவுக்குப் பலி போடுவது என்ற கேள்வி எழாமல் இருக்குமா? இந்தக் குழப்பத்துக்குக் காரணம் அதிக மாதம், அதாவது சந்திரக் கணக்கில் கூடுதலாக வரும் ஒரு மாதம். அதைக் கண்டுபிடிக்க ஜோதிடம் தெரிய வேண்டியதில்லை. ஒரு காலண்டரும் பென்சிலும் போதும்.

படி 1. ஒவ்வொரு தமிழ் மாதத்தின் முதல் தேதியையும் குறியுங்கள். சூரியன் அடுத்த ராசிக்குள் நுழைவதே மாதப் பிறப்பு, அதாவது சங்கராந்தி. நம் ஊர்க் காலண்டர்கள் பலவற்றில் கொல்லம் ஆண்டுத் தேதியும் (மலையாள மாதத் தேதி) இருக்கும். இரண்டுக்கும் சில மாதங்களில் ஒரு நாள் வேறுபடலாம் என்பதால் ஒன்றை மட்டும் பின்பற்றுங்கள்.

படி 2. அமாவாசைகளை வட்டமிடுங்கள்.

படி 3. இரண்டு மாதப் பிறப்புகளுக்கு நடுவே இரண்டு வட்டங்கள் விழுகின்றனவா என்று பாருங்கள். விழுந்தால், அந்த இரு அமாவாசைகளுக்கு இடைப்பட்ட சந்திர மாதத்தில் சங்கராந்தியே இல்லை. அதுவே அதிக மாதம். மல மாதம் என்றும் சொல்வார்கள்.

இது ஏன் நேர்கிறது? ஒரு சந்திர மாதம் சுமார் 29.53 நாள். பன்னிரண்டு மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். சூரிய ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் குறைவு. அந்தக் குறை சேர்ந்து சேர்ந்து சுமார் 32 அல்லது 33 மாதங்களில் ஒரு முழு மாதமாகிவிடுகிறது. 19 ஆண்டுகளில் இப்படி ஏழு மாதங்கள் கூடும். நீள்வது சந்திரக் கணக்கு மட்டுமே. நம் ஆடியோ ஆவணியோ ஒரு நாள்கூட நீள்வதில்லை.

தீபாவளியைப் பாருங்கள். 2021இல் நவம்பர் 4, 2022இல் அக்டோபர் 24, 2023இல் நவம்பர் 12. பதினொரு நாள் முன்னே வந்த பண்டிகை, அதிக மாதம் வந்த ஆண்டில் பத்தொன்பது நாள் பின்னே போனது. 2020 இன்னும் தெளிவான சான்று. மகாளய அமாவாசைக்கு மறுநாளே தொடங்கும் நவராத்திரி அந்த ஆண்டு ஒரு மாதம் தள்ளிப்போனது: அமாவாசை செப்டம்பர் 17, நவராத்திரி தொடக்கம் அக்டோபர் 17. பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் பவனியும் அதற்கேற்பப் பின்னால் போனது.

படி 4. பெயர் வையுங்கள். அதிக மாதம், தனக்கு அடுத்து வரும் சந்திர மாதத்தின் பெயரையே பெறும். 2023இல் அடுத்து வந்த சந்திர மாதம், ஆவணி முதல் தேதி விழும் சிராவணம். ஆகவே அது அதிக சிராவணம். பின்னால் வருவது நிஜ சிராவணம், அதாவது வழக்கமான சிராவணம். பண்டிகைகள் பொதுவாக நிஜ மாதத்தில்தான்.

படி 5. அமாவாசையும் மாதப் பிறப்பும் ஒரே நாளில் விழுந்தால் தேதி போதாது. நேரத்தைப் பார்க்க வேண்டும். 2026 ஜூன் 15 அப்படிப்பட்ட நாள். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி அமாவாசை காலை எட்டரைக்குள் முடிகிறது. சூரியன் மிதுனத்தில் நுழைவது நண்பகலுக்குப் பிறகு. அந்தச் சில மணி நேர இடைவெளியால், மே 17 முதல் ஜூன் 15 வரையான சந்திர மாதத்தில் சங்கராந்தி இல்லாமல் போகிறது. அடுத்தது ஆனி பிறக்கும் ஜ்யேஷ்டம் என்பதால் அது அதிக ஜ்யேஷ்டமாகிறது.