விழிப்புணர்வுத் தியானம்: நோயிலும் வீட்டிலும் பொதுப்பணியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூச்சைக் கவனித்து அமர்ந்தால் மனம் அமைதி அடைந்துவிடும் என்ற எதிர்பார்ப்போடுதான் பெரும்பாலோர் பௌத்த விழிப்புணர்வுத் தியானத்துக்கு வருகின்றனர். ஆனால் இதற்கு அடிப்படையான சதிபட்டான சூத்திரம் என்னும் புத்தர் உரை உடல், நுகர்ச்சி (இன்ப துன்ப உணர்வு), மனம், தம்மம் (புத்தர் போதித்த உண்மைகள்) ஆகிய நான்கையும் கவனிக்கச் சொல்கிறது. அவற்றைத் தன்னிடத்தில் மட்டுமன்றிப் பிறரிடத்திலும் கவனிக்கச் சொல்கிறது. அந்தப் பிற்பாதியைக் கைவிடுவதிலிருந்தே இங்கே பேசப்போகும் தவறுகளில் பலவும் கிளைக்கின்றன.

நோயிலிருந்து மீள்வதற்காகப் பயில்பவர்கள் தியானத்தைச் சிகிச்சைக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. 1979-இல் ஜான் கபட்-சின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய விழிப்புணர்வுப் பயிற்சிகூட, நாள்பட்ட வலியோடு போராடியவர்களுக்கு மருத்துவத்தோடு சேர்த்தே அளிக்கப்பட்டது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர், 'இப்போது தியானம் செய்கிறேனே' என்று மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்துவது ஆபத்தில் முடியலாம்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படும் தவறு ஒன்று உண்டு. பழைய அதிர்ச்சியைச் சுமப்பவர் கண்களை மூடி மூச்சில் மனத்தை நிறுத்தும்போது, நெஞ்சு இறுகி, மறக்க நினைத்த காட்சி கண்முன் வந்து நிற்கக்கூடும். 'பொறுத்துக்கொண்டு உட்காருங்கள், கடந்துவிடும்' என்று அவரிடம் சொல்வது அவரை மேலும் வதைக்கும். கண்களைத் திறந்து, பாதம் தரையில் படுவதை உணர்ந்து, வேண்டுமானால் எழுந்து நடக்கலாம்; தொந்தரவு நீடித்தால் மனநல மருத்துவரின் துணையோடு தொடரலாம். நடத்தல், நிற்றல், அமர்தல், கிடத்தல் ஆகிய நான்கு நிலைகளையும் சூத்திரமே பயிற்சியாகக் கூறும்போது, அசையாமல் அமர்வதை வீரமாக்குவதில் பொருளில்லை.

அடுத்தவர் நோயுற்றிருக்கையில் அநித்தியத்தை, அதாவது எதுவும் நிலையில்லை என்பதைப் பற்றி உபதேசிப்பது இன்னொரு தவறு. பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநயபிடகம் கூறும் நிகழ்ச்சி ஒன்றில், வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரைக் காண்கிறார் புத்தர். அங்கே அவர் உபதேசத்தைத் தொடங்கவில்லை. தம் அணுக்கச் சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தாம் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிடுகிறார். பிறகு ஒருவர் தலைப்பக்கமும் மற்றவர் கால்பக்கமும் பிடித்து, அவரைத் தூக்கிப் படுக்கையில் கிடத்துகின்றனர். அதன் பின்னரே பிக்குகளை அழைத்து, 'என்னைப் பேண விரும்புவோர் நோயுற்றவரைப் பேணட்டும்' என்கிறார்.

குடும்பத்தில் நேரும் தவறுகள் நுட்பமானவை. வாக்குவாதம் சூடேறும்போது 'நீ விழிப்போடு பேசவில்லை' என்று துணைவரைத் திருத்துபவர், பயிற்சியைத் தன் தரப்புக்கு ஆதாரமாக்கிக்கொள்கிறார். இன்னொருவர் முகத்தில் சலனமே காட்டாமல் எழுந்து தியான அறைக்குள் சென்றுவிடுவார். கதவுக்கு வெளியே நிற்பவருக்கு அது அமைதியாகத் தெரியாது, தண்டனையாகத்தான் தெரியும். சேதக சூத்திரத்தில், தன்னைக் காப்பவர் பிறரைக் காக்கிறார் என்று சொல்லும் புத்தர், பொறுமையாலும் தீங்கிழையாமையாலும் அன்பாலும் இரக்கத்தாலும் பிறரைக் காப்பவர் தன்னையும் காக்கிறார் என்று சேர்த்தே சொல்கிறார். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது.

வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் 1982-இல் பிரான்ஸில் நிறுவிய பிளம் வில்லேஜ் சமூகத்தில், உறவைப் புதுப்பிக்க ஒரு முறை பின்பற்றப்படுகிறது. முதலில் எதிரில் இருப்பவரிடம் உள்ள நன்மையைச் சொல்ல வேண்டும், அடுத்துத் தன் தவற்றுக்கு வருந்த வேண்டும், அதற்குப் பிறகே தனக்கு ஏற்பட்ட காயத்தைச் சொல்லலாம். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிடுவதில்லை. இதை வீட்டில் முயல்பவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டையும் அவசரமாகக் கடந்து, மூன்றாவதிலேயே குடியிருக்கின்றனர். அப்படிச் செய்தால் அது பழைய சண்டையேதான், குரல் மட்டும் தாழ்ந்திருக்கும்.

சமூக மாற்றத்தை விரும்புவோரிடம் காணும் பெருந்தவறு, மனம் முழுதும் தெளிந்த பிறகே வெளியே இறங்குவோம் என்று காத்திருப்பது. வியட்நாமில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1960-களின் நடுவில், திக் நாட் ஹான் தொடங்கிய இளைஞர் சமூக சேவைப் பள்ளியின் தொண்டர்கள் குண்டுவீச்சில் அழிந்த கிராமங்களை மீண்டும் கட்டினர். அவர்களில் சிலர் கொல்லப்பட்டனர். எதிர்த்துருவத் தவறும் உண்டு: பணியின் நெருக்கடியைக் காரணம் காட்டிப் பயிற்சியையே விட்டுவிடுவது. 1966-இல் திக் நாட் ஹான் உருவாக்கிய பௌத்த சங்கத்தின் முதல் உறுப்பினர்கள், அந்த நெருக்கடியிலும் வாரத்தில் ஒரு நாளைப் பயிற்சிக்கென ஒதுக்கினர்.

நிறுவனங்களில் பரவிவரும் தவறு வேறு வகை. ஆளைக் குறைத்து வேலையைக் கூட்டிவிட்டு, ஊழியர்களுக்குத் தியான வகுப்பு நடத்தினால், துன்பத்தின் காரணம் அப்படியே இருக்க, தாங்கும் பொறுப்பு மட்டும் அவர்கள்மேல் விழுகிறது. துன்பத்தைச் சொன்னதும் அதன் காரணத்தைத் தேடுவதே, துன்பம், அதன் காரணம், அதன் நீக்கம், நீக்கும் வழி என்று புத்தர் கூறிய நால்வகை வாய்மையின் வரிசை. ஆகவே அந்த வகுப்பில் அமர்ந்திருக்கும் ஊழியர், வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்பதும் பயிற்சிக்குப் புறம்பானதன்று.