யாழ் கோட்டையைப் படம் எடுக்க நல்ல நேரம்

யாழ்ப்பாணத்தில் மலை ஏது? உயரத்துக்குக் கோட்டை மதில்தான். நண்பகலில் போகாதீர்கள், கல் வெளிறித் தெரியும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பண்ணைக் கடல் பக்க வெயில் உரசிக்கொண்டு போகிற சுவராகப் பார்த்து, ஒரு சாண் தூரத்தில் கமராவைப் பிடியுங்கள். கோட்டை கட்டிய முருகைக்கல்லின், அதாவது பவளப்பாறைக் கல்லின், ஒவ்வொரு துளையும் நிழலோடு எழும்பி வரும். கடலுக்குள் வளர்ந்த கல்லல்லவா!

போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக்கினார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐந்து மூலையும் ஒரே படத்தில் அடங்காது. கொத்தளத்தில் நின்று, மதிலும் அகழியும் சேர்ந்து வளைகிற இடத்தை எடுங்கள், போதும்.

அப்புறம், உள்ளே 1706இல் கட்டிய தேவாலயம் உள்நாட்டுப் போரில் இடிந்து கிடக்கிறது. அந்தக் கற்களையும் கிட்டப் போய் எடுங்கள். எனக்கு மனம் கனக்கிற இடம் அதுதான்.