குழந்தைக்குத் திட்டமிடும்போது பல் வைத்தியம்: எதை முன்பே முடிப்பது, எதைத் தொடாமல் விடுவது

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பல்லில் கை வைக்கக் கூடாது என்ற பேச்சை வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கத்து வீடுகளில் இன்றும் கேட்கலாம். கர்ப்ப காலத்திலும் தேவையான பல் சிகிச்சையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்பதால் அந்தப் பேச்சு சரியல்ல. ஆனாலும் வாந்தியும் களைப்பும் தொடங்குவதற்கு முன்பே வாயைச் சீராக்கிக்கொள்வது பெண்ணுக்கு எவ்வளவோ எளிது. ஆடி மாதத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் புதுப்பெண்ணை அந்த நாட்களிலேயே பல் மருத்துவரிடம் அழைத்துப் போவது நல்ல ஏற்பாடு. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் (சிஎம்சி) பல் பிரிவு இருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்ததும், கருத்தரிக்கத் திட்டமிட்டிருப்பதை முதலில் சொல்லுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எக்ஸ்ரே எடுப்பது, மருந்து எழுதுவது, சொத்தையை எந்தப் பொருளால் அடைப்பது ஆகிய மூன்றையும் மருத்துவர் அதை வைத்தே முடிவு செய்வார். பல முறை போக வேண்டியிருக்கும் ரூட் கேனால் (பல் வேர் சிகிச்சை), கேப், அடிக்கடி வீங்கும் ஞானப்பல் ஆகியவற்றை முன்பே முடித்துவிட வேண்டும். ஈறில் இரத்தம் வந்தால் கிளீனிங்கையும் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பத்தின் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீக்கம் கூடுமே தவிரத் தானாகக் குறையாது.

அதிகக் கவலை தருவது வெள்ளி நிற அடைப்புதான். அமால்கம் எனப்படும் அந்தக் கலவையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, தகரம், செம்பு முதலியவை. கருத்தரிக்கத் திட்டமிடுவோர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு இயன்றவரை புதிதாக அமால்கம் வைக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020இல் பரிந்துரைத்தது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்த நாடுகளும், மருத்துவர் அவசியம் என்று கருதினாலன்றி, கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், 15 வயதுக்குட்பட்டோர் ஆகியோருக்கு அதைப் பயன்படுத்துவதைத் தவிர்க்க 2022இல் முடிவெடுத்தன. இந்தியாவும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, பல ஆண்டுகளாக வாயில் இருக்கும் அடைப்பைப் பெயர்த்தெடுக்க ஓடக் கூடாது. விரிசலோ, கசிவோ, அடியில் புதுச் சொத்தையோ இல்லாத அடைப்பிலிருந்து வரும் பாதரச ஆவி மிகக் குறைவு. அதைத் துளைத்து எடுக்கும் நேரத்தில்தான் ஆவி அதிகமாக வெளிப்படும், நல்ல பல்லின் ஓரமும் வீணாகக் குறையும். நன்றாக இருக்கும் அடைப்பை எடுக்கச் சொல்வதற்கு அதே அமெரிக்க நிர்வாகமும் ஆதரவு தரவில்லை. உடைந்துபோனதை மாற்றியே தீர வேண்டுமென்றால், கருத்தரிக்கும் முன்பே செய்துகொள்ளுங்கள். ரப்பர் திரை கட்டி, தண்ணீர் பீய்ச்சி, வேகமாக உறிஞ்சும் குழாய் வைத்து, அடைப்பைப் பொடியாக்காமல் துண்டு துண்டாக எடுக்க முடியுமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

புது அடைப்புக்குப் பல்லின் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட், கண்ணாடி அயனோமர் ஆகிய இரண்டும் வழக்கத்தில் உள்ளன. அயனோமர் ஃபுளோரைடை மெல்லக் கசியவிடும் என்றாலும், மெல்லும் அழுத்தம் அதிகமுள்ள கடைவாய்ப் பல்லில் காம்போசிட்டே கூடுதலாகத் தாங்கும். சில காம்போசிட்களிலிருந்து பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் நுண்ணளவில் வெளிவரலாம். மேற்பரப்பை நன்றாகத் துடைத்து, வாயைக் கொப்பளித்துத் துப்பினால் அது இன்னும் குறையும்.

திட்டமிட்டதற்கு முன்பே கரு தங்கிவிட்டாலும் பயப்பட வேண்டாம். அவசரமில்லாத வேலைக்கு நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை வசதியான காலம். சீழ், வீக்கம், தாங்க முடியாத வலி ஆகியவற்றை எந்த மாதத்திலும் காத்திருக்க விடக் கூடாது, ஏனெனில் சிகிச்சையைவிடப் பரவும் தொற்றே தாய்க்குப் பெரிய ஆபத்து. மரத்துப்போகப் போடும் லிக்னோகெய்ன் ஊசியை வழக்கமான அளவில் போடலாம். தேவையான பல் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகச் சிறியது. வலிக்குப் பாராசிட்டமால் முதல் தேர்வு; 20 வாரத்துக்குப் பின் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கும் ஆன்டிபயாடிக்கில் டாக்சிசைக்ளின் கலந்திருந்தால் பிள்ளையின் பற்கள் நிறம் மாறக்கூடும் என்பதால், சீட்டு இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். வயிறு பெரிதான பின் மல்லாந்து நெடுநேரம் படுக்காமல், வலப்பக்க இடுப்புக்கடியில் சிறு தலையணை வைத்து இடப்பக்கமாகச் சற்றுச் சாய்ந்துகொள்ளுங்கள்.

மசக்கையில் வாந்தி எடுத்தவுடன் பல் துலக்காதீர்கள்; அமிலத்தால் இளகியிருக்கும் எனாமல் தேய்ந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கலந்து கொப்பளித்து, அரை மணி நேரம் கழித்து, மென்மையான பிரஷ்ஷில் ஃபுளோரைடு பற்பசை வைத்துத் துலக்குங்கள்.