வடக்குப் பார்த்த பாறை இடுக்கில் ரமோண்டா

பாறைத் தோட்டம் அமைப்பவர்கள் பெரும்பாலும் வெயில் விரும்பும் மலைச்செடிகளையே தேடுவதால், வடக்குப் பார்த்த பக்கம் பாசி படர்ந்து வீணாகக் கிடக்கும். அந்த இடத்திற்கென்றே பிறந்தது போன்ற பல்லாண்டுச் செடி ரமோண்டா மைக்கோனி. பிரான்ஸ், ஸ்பெயின் எல்லையிலுள்ள பிரனீஸ் மலைகளின் சுண்ணாம்புப் பாறைகளில், நண்பகல் வெயில் படாத இடுக்குகளில் இது இயல்பாக வளர்கிறது. நம் ஜன்னலோரத் தொட்டிகளில் வளரும் ஆப்பிரிக்க வயலெட்டின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை, சுருக்கம் விழுந்த இலைகளும் மஞ்சள் நடுப்பகுதி கொண்ட ஊதாப் பூக்களும் காட்டிக்கொடுக்கும். ஆயினும் அந்த உறவினரைப் போலன்றி, இது உறைபனியைத் தாங்கும், தாங்காதது வெப்பத்தைத்தான். ஆகவே, இவ்வழிமுறை பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கே பொருந்தும்; சென்னை வெயிலில் இதை முயல வேண்டாம்.

மண்ணைவிட நடும் கோணமே முக்கியம். இலைகள் தட்டையாக வட்டமாக விரிவதால், தரையில் நிமிர்த்தி நட்டால் நடுக்குருத்தில் மழைநீர் தேங்கி, குளிர்காலத்தில் அழுகிவிடும். என் முதல் செடியை நான் இழந்தது இப்படித்தான். எனவே, செங்குத்தான கல் இடுக்கில், குருத்து பக்கவாட்டில் வெளியே பார்க்கும்படி நட வேண்டும். சுவரைக் கட்டி முடித்த பிறகு வேரை இடுக்கில் திணிப்பதைவிட, வசந்த காலத்தில் கட்டும்போதே ஒரு வரிசைக் கல்லின் மேல் இலைமக்கும் தோட்ட மண்ணும் பொடிச் சல்லியும் கலந்த கலவையைப் பரப்பி, செடியைப் படுக்கவைத்து, வேர்களை உட்புறமாக விரித்து, அதன்மேல் அடுத்த கல்லை ஏற்றுவது எளிது. மண் சரியாதபடி சிறு கற்களால் சந்துகளை அடைத்துவிடவும். இடுக்கு உட்புறம் வரை மண்ணால் நிரம்பியிருப்பது அவசியம். நடுவில் வெற்றிடம் இருந்தால் வேர் காய்ந்துபோகும்.

வேர் பிடிக்கும் வரை ஈரம் குறையக் கூடாது. அதன் பிறகு கோடையில் ஒருநாள் இலைகள் பழுப்பேறி, சுருண்டு, சருகு போலக் கிடப்பதைக் கண்டால் செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். உடலின் நீரில் பெரும்பகுதியை இழந்த பின்னும் மீண்டும் தழைக்கும் மிகச் சில பூக்கும் தாவரங்களில் இதுவும் ஒன்று. நன்றாக நீர் விட்டால் இலைகள் மறுபடி விரிந்து பச்சையாகிவிடும். ஆனால் அந்தத் திறமையை வேண்டுமென்றே சோதிப்பது நல்லதல்ல, அடிக்கடி வாடும் செடி சரியாகப் பூக்காது.

பூப்பது வசந்தத்தின் இறுதியிலும் கோடையின் தொடக்கத்திலும். உரம் அதிகம் தேவையில்லை. நத்தைகளை மட்டும் கவனிக்கவும்.

பெருக்குவதற்கு, கோடைத் தொடக்கத்தில் முற்றாத, நலமான இலையைக் காம்பின் அடிப்பகுதி முழுதாக வரும்படி மெல்ல ஆட்டிக் கழற்றி, மணல் கலந்த மண்ணில் செருகி, நிழலில் மூடிவைக்கவும்; காம்பின் அடியில் சிறு செடிகள் தோன்றும். விதையிலிருந்தும் வளர்க்கலாம். விதை தூசு போன்றது என்பதால், மேலே மண் மூடாமல் ஈரமான பரப்பில் தூவிவிட்டு, தொட்டியைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்ய வேண்டும். பூக்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், நான் இலையையே நம்புகிறேன்.