ரேசிங் சிமுலேட்டருக்கு எந்த ஹார்ட்வேர் நல்லது? நீங்களே அளந்து ஒப்பிட ஒரு செய்முறை

கிராபிக்ஸ் கார்டை மாற்றலாமா, பிராசசரை மாற்றலாமா என்று யோசிக்கிற பலர் ஒரு ஒப்பீட்டு வீடியோவைப் பார்த்து, அதில் வருகிற சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம், அதாவது ஃபிரேம், வருகிறது) எண்ணை வைத்தே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ரேசிங் சிமுலேட்டருக்கு அந்த எண் போதாது. காலியான டிராக்கில் தனியாக ஓட்டும்போது எந்தக் கணினியும் நன்றாகத்தான் ஓடும். இருபத்தைந்து கார்கள் ஒன்றாக முதல் வளைவுக்குள் நுழையும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி, ஏனென்றால் பிரேக்கை எந்த இடத்தில் மிதிப்பது என்று நீங்கள் கணிக்க வேண்டிய அதே நொடியில்தான் படமும் திக்கும்.

இதற்குக் காரணம் சிமுலேட்டர் இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்வது. படம் வரைவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. டயர், சஸ்பென்ஷன் இவற்றின் இயற்பியல் கணக்கு பிராசசரின் வேலை, அது திரையில் எத்தனை ஃபிரேம் வந்தாலும் தன் வேகத்தில் ஓடியாக வேண்டும்: அசெட்டோ கோர்சா என்ற சிமுலேட்டரில் நொடிக்கு 333 தடவை, ஐரேசிங்கில் 360, அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனேயில் 400. கணினியே ஓட்டும் எதிராளி கார்களைச் சேர்த்தால் இந்தச் சுமை இன்னும் ஏறும். ஆகவே விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு போட்டும் ரேஸ் தொடக்கத்தில் படம் திக்குகிறது என்றால், கார்டு மேல் குறை இல்லாமல் இருக்கலாம்.

சரி, வேலையை ஆரம்பிப்போம்.

படி 1: அளக்கும் கருவி. கேப்ஃபிரேம்எக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். ஷார்ட்கட் விசையை அழுத்தினால், ஒவ்வொரு ஃபிரேமும் எத்தனை மில்லி விநாடி எடுத்தது என்று நீங்கள் சொன்ன நேரம்வரை பதிவு செய்யும். இந்த மில்லி விநாடிக் கணக்குதான் முக்கியம். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி விநாடி, 90 என்றால் 11.1, 144 என்றால் 6.9. நொடியில் ஒரே ஒரு ஃபிரேம் 50 மில்லி விநாடி எடுத்தாலும் சராசரி பெரிதாகக் குறையாது, ஆனால் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரியும்.

படி 2: கட்டுப்பாடுகளை நீக்குதல். வி-சிங்க் (ஃபிரேம்களைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடுவது), ஃபிரேம் லிமிட், டிஎல்எஸ்எஸ் மாதிரியான அப்ஸ்கேலிங் (சிறிதாக வரைந்து பெரிதாக்குவது), ஃபிரேம் ஜெனரேஷன் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஃபிரேம் ஜெனரேஷனைக் கட்டாயம் அணைக்க வேண்டும், அது இடையில் புது ஃபிரேம்களைச் செருகி எண்ணை உயர்த்திக் காட்டும், ஸ்டியரிங் திருப்பலுக்குக் கார் பதில் சொல்கிற வேகம் அதனால் அதிகரிக்காது. பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ இயங்குகிறதா என்று பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டே அளங்கள். பதிவுக்கு முன் பத்து நிமிடமாவது ஓட்டி கணினியைச் சூடாக்கிக்கொள்ளுங்கள், குளிர்ந்த நிலையில் கிடைக்கும் எண்கள் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

படி 3: ஒரே காட்சி. பெரும்பாலான ஒப்பீடுகள் கெட்டுப்போவது இங்கேதான். ஒரு டிராக், ஒரு கார், ஒரே வானிலை, ஒரே நேரம், ஒரே எண்ணிக்கையில் எதிராளிகள் என்று முடிவு செய்து எழுதி வையுங்கள். ஸ்பா டிராக், இருபதுக்கும் மேற்பட்ட கார்கள், மழை, நீங்கள் கடைசி இடத்தில் நிற்கிறீர்கள்: இது நல்ல கடினமான சோதனை, ஏனென்றால் எல்லா கார்களும் அவை கிளப்பும் நீர்த்திவலையும் உங்கள் கண்ணெதிரேதான் இருக்கும். விளக்கு அணைந்து ரேஸ் தொடங்கியதும் பதிவை ஆரம்பித்து 60 நொடி ஓட்டுங்கள்.

ரீப்ளேயை ஓடவிட்டு அளந்தால் ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே காட்சி கிடைக்குமே என்று தோன்றும். கிராபிக்ஸ் கார்டுகளை மட்டும் ஒப்பிட அது அருமையான வழிதான். ஆனால் ரீப்ளேயில் இயற்பியல் கணக்கு ஓடாது, ஏற்கெனவே பதிவான நிலைகளை எடுத்து வரையும், அவ்வளவுதான். பிராசசரை ஒப்பிட நேரடி ரேஸ்தான் வேண்டும்.

படி 4: மூன்று தடவை. ஒரே சோதனையை மூன்று முறை செய்து சராசரி எஃப்பிஎஸ், 1% லோ இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 1% லோ என்பது மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃபிரேம்களைக் காட்டும் எண், நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஒருவேளை கார்டு 'அ' சராசரி 130, 1% லோ 62 என்றும், கார்டு 'ஆ' சராசரி 118, 1% லோ 88 என்றும் காட்டினால், ரேஸ் ஓட்ட நான் தயங்காமல் 'ஆ'வை எடுப்பேன். இரண்டு மூன்று சதவீத வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம், எதிராளி கார்கள் ஒவ்வொரு ரேஸிலும் கொஞ்சம் வேறு மாதிரி ஓடுவதாலேயே அந்த அளவுக்கு மாறும்.

படி 5: தடை எங்கே? ரெசல்யூஷனை (வரைய வேண்டிய பிக்சல் அளவை) 1280×720க்கு இறக்கி, கார்டின் சுமையைக் குறைத்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் இதுவரை இழுத்துப் பிடித்தது கிராபிக்ஸ் கார்டு. கிட்டத்தட்ட அப்படியே நின்றால் பிராசசர். டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 30 சதவீதம்தானே காட்டுகிறது என்று நினைக்காதீர்கள். எட்டு கோர், பதினாறு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை) உள்ள பிராசசரில் ஒரு திரெட் முழுதாகத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது ஆறு சதவீதம்தான், சிமுலேட்டர்களோ முக்கியமான வேலையை ஓரிரு திரெட்டுகள் மேலேயே ஏற்றுகின்றன.

இதனால்தான் கோர் எண்ணிக்கையையும் கிகாஹெர்ட்ஸையும் மட்டும் பார்த்து பிராசசர் வாங்கக் கூடாது. ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ், 2022இல் வந்த 5800எக்ஸ்3டி இரண்டிலும் எட்டு கோர்தான், 3டியின் உச்ச வேகம் கொஞ்சம் குறைவும்கூட. ஆனால் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்பிக்குப் பதில் 96 எம்பி. சிம் ரேஸிங்கில் 3டிதான் முன்னால் நிற்கிறது, கார்கள் நிறைய இருக்கும்போது தெளிவாகவே தெரியும்.

படி 6: உங்கள் திரையோடு சேர்த்துப் பார்த்தல். ஒற்றை 1080பி திரைக்கு எடுத்த எண்கள் மூன்று திரை வைத்திருப்பவருக்கு உதவாது. மூன்று 1440பி திரைகள் சேர்ந்தால் 7680×1440, அதாவது ஒரு கோடியே பத்து லட்சம் பிக்சல், 4கே திரையையே மிஞ்சிவிடும். அங்கே தடை பெரும்பாலும் கார்டு பக்கம் போய்விடும். விஆர் இன்னும் கறார்: 90 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 90 தடவை படம் மாற்றும்) ஹெட்செட்டில் 11.1 மில்லி விநாடியைத் தாண்டினால், முந்தைய ஃபிரேமைத் திருத்தி இடைவெளியை நிரப்பும் ரீப்ரொஜெக்‌ஷன் இயங்கும்போது ஃபிரேம் வேகம் 45க்கு விழும், பக்கத்தில் கடக்கிற கார்கள் இரட்டையாகத் தெரியும், சிலருக்குத் தலையும் சுற்றும். அதனால் விஆரில் சராசரியை விட்டுவிடுங்கள், மோசமான ஃபிரேம்கூட அந்த எல்லைக்குள் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ரேஸ் தொடக்கத்திலேயே உங்கள் 1% லோ மானிட்டரின் ஹெர்ட்ஸைத் தொட்டுவிட்டதா? அப்படியென்றால் இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு லோட் செல் (மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும்) பிரேக் பெடல் வாங்குங்கள், லேப் நேரம் குறைய அது அதிகம் உதவும்.