பழைய பாய்ப்படகு: முதலில் டெக்கைத் தட்டிப் பாருங்கள்

பழைய படகு ஒன்றைப் பார்க்கப் போகும்போது பையில் ஒரு ஸ்குரூ டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிளாஸ்டிக் பிடியால் டெக்கை, அதாவது படகின் மேல்தளத்தை, அரைச் சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே போங்கள். சந்தையில் அம்மா மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவாரே, அதே வேலைதான். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கணீரென்று கேட்கும். உள்ளே மரம் அழுகிக் கெட்ட இடம் ‘தொப்’ என்று அமுங்கும். சத்தம் மாறும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தால், நோய் எங்கே, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிடும்.

நான் இருப்பது கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில். 1970-களில் ஒன்ராறியோவில் பாய்ப்படகு கட்டும் தொழில் கொடிகட்டிப் பறந்தது. நயாகரா ஒன் த லேக்கில் சி அண்ட் சி, ஓக்வில்லில் கிராம்பியன், பிராம்ப்ரனில் சிஎஸ் என்று பல பட்டறைகள். அந்தக் காலத்துப் பைபர் கிளாஸ் உடல்கள் இன்றும் ஏரியில் மிதக்கின்றன. அதனால்தான் என்னைப்போல் சம்பளத்தில் வாழ்கிறவனுக்கும் இங்கே ஒரு பாய்ப்படகு கைக்கெட்டுகிறது. 2016 இலையுதிர் காலத்தில், 1974-ல் கட்டிய 27 அடிப் படகொன்றை 4,500 டொலருக்கு வாங்கினேன்.

எனக்கு ஊர் வல்வெட்டித்துறை. அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அங்கே கட்டப்பட்டு, 1938-ல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைவரை போய்ச் சேர்ந்தது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அப்புவின் கையில் மரப்படகு வேலையைப் பார்த்திருக்கிறேன். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திரித்து, உளி வைத்து அடித்து இறுக்குவார். கலப்பத்து என்பார்கள். மரப்படகுக்கு எங்கே தண்ணீர் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்: இடுக்கில். பைபர் கிளாஸ் படகுக்கு இடுக்கே இல்லை என்று நானும் நினைத்திருந்தேன். இருக்கிறது. டெக்கில் போட்டிருக்கும் ஒவ்வொரு போல்ட் துளையும் ஓர் இடுக்குத்தான். அதற்குள் போவது ஏரித் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர்.

டெக் என்பது ஒரே கட்டி இல்லை. மேலே ஒரு மெல்லிய பைபர் கிளாஸ் தோல், கீழே இன்னொன்று, நடுவில் ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் பால்சா மரம். பாரம் குறைவு, விறைப்பு அதிகம். போல்டைச் சுற்றிப் பூசிய பசை இருபது வருசத்தில் காய்ந்து வெடிக்கும். படகைத் துறைக்கு இழுக்கிறவர்கள், டெக்கின் ஓரத்தில் வேலிபோல் நிற்கும் கைவேலிக் கம்பியைப் பிடித்துத்தான் இழுப்பார்கள். கம்பியின் அடித்தட்டு நெம்புகோல்போல் அசைந்து பசையைக் கிழித்துவிடும். உள்ளே இறங்கிய நீர் பால்சாத் துண்டுகளுக்கு இடையே ஊர்ந்து பரவும். பனிக்காலத்தில் அது உறைந்து 9 வீதம் வீங்கி, தோலையும் மரத்தையும் பிரித்துவிடும். ஒரு குளிர்காலம் கெடுப்பதை அடுத்த குளிர்காலம் இரட்டிப்பாக்கும்.

என் படகில் இடது பக்கக் கைவேலிக் கம்பியின் அடியில், முன்னம் யாரோ சிலிக்கோனை அள்ளிப் பூசியிருந்தார்கள். தயவுசெய்து டெக்கில் சிலிக்கோன் பூசாதீர்கள். உரித்தெடுத்த பின்னும் அதன் பிசுபிசுப்பு போகாது, அதன்மேல் பெயின்ற்றோ எப்பொக்சியோ ஒட்டாது. அந்த அடித்தட்டைக் கழற்றி, அது மறைக்கும் இடத்தில் 5 மில்லிமீற்றர் துளை போட்டேன். காய்ந்த பால்சா வெளிர் நிறத் தூளாக வரும். எனக்கு வந்தது வடித்த தேயிலைச் சக்கை. கருப்பு நிறம், சதசதப்பு, குளத்துச் சேற்று மணம். 45 சென்ரிமீற்றருக்கு 60 சென்ரிமீற்றர் கெட்டிருந்தது.

இவ்வளவு பெரிய இடம் என்றால் மேல்தோலை வெட்டித்தான் ஆகவேண்டும். வட்ட வாளின் ஆழத்தைத் தோலின் கனத்துக்கு மட்டும் வையுங்கள், கீழ்த்தோலில் கீறல்கூட விழக்கூடாது. வெட்டுக்கோடு வழுவழுப்பான கரையில் வரட்டும். வழுக்காமல் இருக்க அச்சுப் போட்ட பகுதியை வெட்டினால், பிறகு அந்த அச்சைத் திருப்பி உண்டாக்குவது பெரும்பாடு. தோலை அகன்ற உளியால் மெல்ல நெம்பி எடுத்து, முழுசாகப் பத்திரப்படுத்துங்கள். அதையே திருப்பிப் போடப்போகிறோம். அழுகிய மரத்தைச் சுரண்டி, ஓரங்களில் காய்ந்த வெளிர் மரம் தெரியும்வரை போங்கள். பிறகு மேலே தார்ப்பாய் கட்டி, காற்றோட்டம் விட்டு, வாரக்கணக்கில் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தை மூடினால் செய்த வேலை அத்தனையும் வீண்.

ஒட்டுவதற்கு எப்பொக்சியையே பாவியுங்கள்; இரண்டு திரவங்களைக் கலந்து இறுகவிடும் பிசின் அது. பழைய, இறுகின பைபர் கிளாஸில் பொலியெஸ்ரர் ரெசின் அவ்வளவு நன்றாகப் பிடிக்காது. அரைக்கும்போது நல்ல வடிகட்டி முகமூடியும் கையுறையும் கட்டாயம். கண்ணாடித் தூள் நுரையீரலுக்கு எமன். புதுப் பால்சாவை முதலில் எப்பொக்சி பூசாமலே வைத்துப் பொருத்திப் பாருங்கள். கீழ்த்தோலை 80 நம்பர் தாளால் தேய்த்து அசற்ரோனால் துடைத்துவிட்டு, மரத்தின் இரு பக்கமும் வெறும் எப்பொக்சி தடவுங்கள். மரம் குடிக்கும், குடித்த இடத்தில் திரும்பத் தடவுங்கள். பிறகு சிலிக்காத் தூள் போட்டுக் களிப் பதத்துக்குக் கெட்டியாக்கிய எப்பொக்சியைப் பரப்பி மரத்தை அழுத்துங்கள். மேலே பொலித்தீன் விரித்து மணல் மூட்டைகளை வைக்கலாம். இறுகியதும் அதேபோல் மேல்தோலையும் ஒட்டுங்கள்.

கலக்கும் அளவில் ஒரு துளி அசட்டையும் கூடாது. நான் பாவித்தது பிசின் ஐந்து பங்குக்கு இறுக்கும் திரவம் ஒரு பங்கு. ஒரு நாள் பின்னேரம் பம்பை எண்ணும்போது போன் வந்தது, எண்ணிக்கை பிசகியது. மறுநாளும் பிசின் தேன்போல் ஒட்டியது. அது எத்தனை நாள் போனாலும் இறுகாது. முழுவதையும் சுரண்டி, துடைத்து, திரும்பத் தொடங்க இரண்டு நாள் போனது. அன்றிலிருந்து எண்ணும்போது நான் யாரோடும் கதைப்பதில்லை.

வெட்டின கோட்டின் இரு பக்கமும் சரிவாக அரைக்க வேண்டும். தோல் 3 மில்லிமீற்றர் என்றால் சரிவு ஒவ்வொரு பக்கமும் 36 மில்லிமீற்றர், அதாவது பன்னிரண்டு மடங்கு. அந்தச் சரிவைக் கண்ணாடித் துணியால் அடுக்கடுக்காக நிரப்புங்கள். இறுகின எப்பொக்சியின்மேல் மெழுகுபோல் ஒரு படலம் பூக்கும். தேய்ப்பதற்கு முன் வெறும் தண்ணீராலும் நாராலும் அதைக் கழுவுங்கள். கழுவாமல் தேய்த்தால் மேலே பூசும் பெயின்ற் உரிந்து வரும்.

2017 கோடை முழுக்க என் படகு தரையில்தான் நின்றது. ஒன்ராறியோ ஏரி பெருகி ரொறன்ரோத் தீவுகளுக்குள் வெள்ளம் புகுந்த வருசம் அது. அந்த நேரத்தில் மற்ற வேலைகளையும் பார்த்தேன். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு சிக்கினால் இழை அறுந்திருக்கிறது, அந்தக் கம்பி போகவேண்டியதுதான். உடலின் அடியில் தண்ணீர் போகவர இருக்கும் வால்வுகளைச் சுரண்டிப் பாருங்கள். உலோகம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் கரைந்துபோய்விட்டது, ஓர் உதை தாங்காது. ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்தில் அளவான மர அடைப்பான் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். பெற்றோல் எஞ்சின் என்றால், கிளப்புமுன் எஞ்சின் அறையின் காற்றை வெளியேற்றும் காற்றூதியைக் குறைந்தது 4 நிமிசம் ஓடவிட வேண்டும் என்பது கனடாவில் சட்டம். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கி நிற்கும். உடலின் அடியில் உள்ள உலோகம் அரிக்காமல், அதற்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும் கட்டி ஒன்றும் தேவை: ஏரித் தண்ணீருக்கு மக்னீசியக் கட்டிதான் சரி, கடலுக்கான துத்தநாகக் கட்டி இங்கே உதவாது.

இனித் துளைகள். இதைத்தான் நான் கலப்பத்து என்கிறேன். 6 மில்லிமீற்றர் போல்ட் போகும் இடத்தில், மேல்தோலையும் மரத்தையும் 12 மில்லிமீற்றருக்குத் துளையுங்கள். கீழ்த்தோலின் துளையை அடியில் ரேப் ஒட்டி மூடுங்கள். ஊசிக்குழாயால் முதலில் வெறும் எப்பொக்சி, பிறகு கெட்டியானது. இறுகியதும் நடுவில் 6 மில்லிமீற்றர் துளை. இப்போது பசை என்றைக்காவது விட்டாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. எத்தனை துளைகள் இருக்கின்றனவோ அத்தனைக்கும் இதைச் செய்யுங்கள். எனக்கு 84 துளைகள்.

துளையின் வாயைச் சற்றுக் குழித்து, களிபோல் மெத்தென்றிருக்கும் பியூற்றைல் ரேப்பை விரலால் திரியாக உருட்டி, போல்டின் தலைக்குக் கீழே சுற்றுங்கள். உள்ளே வெறும் வாஷர் போதாது, அகன்ற தட்டொன்று கொடுங்கள். இறுக்க இரண்டு பேர் தேவை. மேலே நிற்கிறவர் போல்டை அசையாமல் பிடிக்க, கீழே இருப்பவர் நட்டைத் திருப்ப வேண்டும். போல்ட் சுற்றினால் பியூற்றைல் கிழியும். என் மனைவியின் தம்பி அலுமாரிக்குள் தலையை விட்டுப் படுத்திருந்தான். “அத்தான், போல்ட் சுத்துது, மேலை இறுக்கிப் பிடியுங்கோ” என்று ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து குரல் வரும். பியூற்றைல் ஓரத்தால் மெல்லப் பிதுங்கும்வரை இறுக்கி, மறுநாள் வெயிலில் இளகியபின் இன்னும் கொஞ்சம் இறுக்கினோம்.

பிறகு ஒவ்வொரு நட்டின் கீழும் கடதாசித் துவாய்த் துண்டொன்றை ஒட்டிவிட்டு, மேலே அரை மணி நேரம் ஹோஸ் பிடித்தோம். படகின் முன்பக்கமான அணியத்தில் கயிறு கட்டும் கொக்கி ஒன்றின் கீழே மட்டும் கடதாசி நனைந்திருந்தது. அதைக் கழற்றி, புதுத் திரி உருட்டி, திரும்பப் போட்டு, இன்னும் அரை மணி நேரம் தண்ணீர் பிடித்தோம்.