பங்குச் சந்தை விழும்போது விற்பதற்கு முன் செய்ய வேண்டிய நான்கு வேலைகள்

செய்தியில் ‘லட்சம் கோடி காலி’ என்று ஓடும்போது கை முதலில் விற்கும் பொத்தானுக்குத்தான் போகும். அதை விட்டுவிட்டு கால்குலேட்டரை எடுங்கள்.

படி 1: சரிவை அளந்து பாருங்கள்

எத்தனை புள்ளி விழுந்தது என்பது முக்கியமில்லை, சதவீதம்தான் கணக்கு. 20,000-ல் இருந்த குறியீட்டெண் (முக்கியப் பங்குகளின் விலைப் போக்கைக் காட்டும் எண்) 17,400-க்கு வந்திருந்தால் இறக்கம் 2,600, அதாவது 13 சதவீதம். 10 சதவீதம் விழுந்தால் ‘கரெக்‌ஷன்’, 20 விழுந்தால் ‘கரடிச் சந்தை’ என்பார்கள். பழைய உச்சத்துக்குத் திரும்ப 13 போதாது. சுமார் 15 சதவீதம் ஏற வேண்டும். பாதியாகிப்போனால் இரட்டிப்பாக வேண்டும்.

படி 2: காரணத்தைப் பிரித்துப் பாருங்கள்

2022-ல் அமெரிக்கச் சந்தை சரிந்ததற்குப் பணவீக்கமும், அதை அடக்க மத்திய வங்கி மளமளவென்று ஏற்றிய வட்டியும் முக்கியக் காரணங்கள். 2008-ல் வங்கிகளே ஆட்டம் கண்டன. இரண்டாவது ரகம் ஆபத்தானது, கடன் கிடைக்காமல் நல்ல கம்பெனிகளும் திணறும்.

புதியவர்கள் இடறுவது இங்கேதான். பொருளாதாரம் தேறட்டும், அப்புறம் வாங்கலாம் என்று காத்திருப்பார்கள். அமெரிக்காவின் முக்கியக் குறியீட்டெண்ணான எஸ் அண்ட் பி 500 அடிமட்டத்தைத் தொட்டது 2009 மார்ச்சில். அங்கே வேலையின்மை 10 சதவீதம் என்ற உச்சத்துக்குப் போனதோ அந்த வருடம் அக்டோபரில். அதற்குள் குறியீட்டெண் 50 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது! சந்தை வரப்போவதை எண்ணி விலை போடுகிறது. வேலையின்மைக் கணக்கு நடந்து முடிந்ததைச் சொல்கிறது.

படி 3: பணம் எப்போது வேண்டும்?

‘எப்படியும் மீண்டுவிடும்’ என்பதை அப்படியே நம்பாதீர்கள். ஜப்பானின் குறியீட்டெண்ணான நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில். ஆகவே மூன்று நான்கு வருடத்துக்குள் தேவைப்படும் பணம் பங்கில் இருக்கவே கூடாது என்பது என் கட்சி. கடன் வாங்கிப் பங்கு வாங்கியிருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். மார்ஜின் (கடனுக்கு ஈடாகத் தரகரிடம் வைத்திருக்க வேண்டிய தொகை) பற்றாமல் போனால், எப்போது விற்பது என்பதைத் தரகர்தான் முடிவு செய்வார்.

படி 4: ஒவ்வொரு பங்காகப் பாருங்கள்

இன்று கையில் ரொக்கம் இருந்தால் இதை வாங்குவேனா? இல்லை என்றால், வாங்கிய விலை வரட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. குறியீட்டெண்ணில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் குறியீட்டு ஃபண்டில் மாதத் தவணை போனால் போகட்டும், நிறுத்த வேண்டாம். ஆனால் விழுகிற தனிப் பங்கை ‘ஆவரேஜ்’ செய்வதற்கு (இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பதற்கு) முன் அந்தக் கம்பெனியின் கடனையும் கடைசி சில காலாண்டு லாபத்தையும் பார்த்துவிடுங்கள்.